எக்ஸ்ரேயில் தெரிந்த விலா எலும்பு

எங்கள் நாய்க்குப் பெயர் கிடையாது. "டேய்" என்றால் வரும். கூப்பிடுகிற குரலை வைத்தே சோற்றுக்குக் கூப்பிடுகிறேனா, அடிக்கக் கூப்பிடுகிறேனா என்று அதற்குத் தெரிந்துவிடும். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். என் வீட்டுக்காரர் இருபத்தெட்டு வருஷமாக அதைப் பொறுத்துக்கொண்டு இருக்கிறார். நாய் ஆறு வருஷமாக.

மலையில், திருப்புலி நாட்டில் எங்களுக்குக் கொஞ்சம் மரவள்ளிக் காடு, அதற்கு மேல் சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகு. கிழங்கு திரள ஆரம்பித்தால் காட்டுப்பன்றிக்கு எப்படித்தான் மூக்கில் வேர்க்குமோ, வரிசையாக வந்து உழுதுவிட்டுப் போகும். எங்கள் பக்கத்தில் இதற்கு எல்லோரும் செய்கிற வேலை ஒன்று உண்டு. பழைய சேலையை நீளவாக்கில் நாடா நாடாவாகக் கிழித்துக் காட்டைச் சுற்றிக் குச்சி நட்டுக் கட்டுவோம். காற்றில் அது படபடக்கிறபோது ஆள் நடமாடுகிறது என்று பன்றி ஒதுங்கிப் போகும். நாலு நாளில் அதற்கும் பழகிவிடும். பிறகு நாடாவில் நாற்றம் ஏற்ற வேண்டும். ஒருவர் அழுகிய முட்டையைக் கரைத்துத் தெளிப்பார், இன்னொருவர் வேறெதையாவது. நான் என் மூளையைக் கசக்கி ஒன்று கண்டுபிடித்தேன். பேளுக்குறிச்சிச் சந்தையில் வாங்கிய கருவாட்டில் கழிசலை எடுத்துக் கொதிக்க வைத்து, அந்தத் தண்ணீரில் சேலை நாடாக்களை இரண்டு நாள் ஊறப் போட்டேன். பொங்கலுக்குக் கொடுத்த இலவசச் சேலை. மஞ்சள் நிறம், லேசில் கிழியாத பாலியஸ்டர்.

வீட்டுக்காரர் பானைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"கருவாட்டுத் தண்ணி வேண்டாம் புள்ள. நாய் சும்மா இருக்குமா?"

"பன்னிய வெரட்டத்தானுங்க நாய் வளக்கறோம். நாய்க்குப் பயந்துக்கிட்டுப் பன்னிக்குக் கெழங்கு வெக்கச் சொல்றீங்களா?"

அவர் பானையை மூடிவிட்டு நகர்ந்துவிட்டார். பேசியிருந்தால் நான் இன்னும் நாலு வார்த்தை சேர்த்திருப்பேன். அன்று சாயங்காலமே நாய் வேலியோரம் போய் நாடாவை முகர்ந்துகொண்டு நின்றது. மண்ணாங்கட்டியை எடுத்து எறிந்தேன். ஓடிவிட்டது. ஒரு வாரம் பன்றி வரவில்லை. பக்கத்துக் காட்டுக்காரர்களிடம் என் கண்டுபிடிப்பைப் பீற்றிக்கொண்டேன்.

எட்டாம் நாள் நாய் வாந்தியெடுத்தது. இரண்டு நாளைக்கு முன்தான் சொந்தக்காரர் வீட்டில் கிடா வெட்டு. நாய்க்கு எலும்பு நிறையக் கிடைத்திருந்தது. எலும்புதான் சிக்கிக்கொண்டது என்று ஒரே பார்வையில் நானே முடிவு கட்டினேன். தொண்டையில் முள் சிக்கினால் சோற்றை உருட்டி விழுங்கச் சொல்வோம் இல்லையா, நாய்க்குக் களி. கேழ்வரகுக் களியைக் கெட்டியாகக் கிண்டி, எலுமிச்சம்பழ அளவுக்கு உருட்டி, வாயைப் பிளந்து உள்ளே தள்ளினேன். ஒன்று, இரண்டு, மூன்று. அது என்னைப் பார்த்துக்கொண்டே விழுங்கியது. வேறு யார் அதன் வாயில் கைவிட்டிருந்தாலும் கடித்திருக்கும்.

மறுநாள் தண்ணீர்கூட இறங்கவில்லை. மலைமேல் இருக்கிற கால்நடை மருந்தகத்தில் ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றி, "இங்க எக்ஸ்ரே வசதி இல்லீங்க. தாமதிக்காம நாமக்கல் கொண்டுபோங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். நான் தாமதித்தேன். ஊசி போட்டாயிற்று, ஒரு நாள் பார்க்கலாம் என்றேன். நான் சொன்னால் வீட்டில் அதற்கு மறுபேச்சு இல்லை.

அந்த ஒரு நாளின் சாயங்காலம்தான் அதைப் பார்த்தேன். வீட்டுக்காரர் மாட்டுக்குச் சோளத்தட்டு அறுக்கப் போயிருந்தார். நாய் கொட்டகை ஓரம் முக்கிக்கொண்டு நின்றது. வால் அடியில் மஞ்சளாக ஒரு நுனி தொங்கியது.

பார்த்த உடனே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. எலும்பும் இல்லை, கிடாவும் இல்லை. என் சேலை. என் கருவாட்டுத் தண்ணீர்.

எங்கள் ஊரில் எது மாட்டிக்கொண்டாலும் இழுப்போம். கன்று வராமல் மாடு தவித்தால் காலைப் பிடித்து இழுப்போம். இந்தக் கையால் எத்தனையோ கன்றை இழுத்து வெளியே போட்டிருக்கிறேன். அந்தத் தைரியத்தில் நாடாவை விரலில் இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்தேன். கொஞ்சம் வந்தது. பிறகு நின்றுவிட்டது. ஒரு காலால் நாயை அணைத்துக்கொண்டு பலமாக இழுத்தேன். அது கத்திய கத்தலை இங்கே எழுத எனக்குத் தெரியவில்லை. அந்தக் குரலை அதற்கு முன்னும் ஒரு தடவை கேட்டிருக்கிறேன், அதைப் பிறகு சொல்கிறேன். ஒரு சாண் நீளத்துக்குத் துணி என் கையோடு அறுந்து வந்தது.

அதை வெந்நீர் அடுப்பில் போட்டேன். பாலியஸ்டர் சுருண்டு உருகிக் கருவாட்டு நாற்றத்தோடு எரிந்தது. வீட்டுக்காரர் வந்து, "என்ன புள்ள நாத்தம்?" என்றபோது, "ஒண்ணுமில்லீங்க" என்றேன். 'நான் அன்னிக்கே சொன்னேனே' என்று அவர் ஒருநாளும் சொல்லமாட்டார். சொல்லாமல் இருப்பார் பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியாது. வந்ததோடு முடிந்தது, வழி விட்டுவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நாய்க்கு இன்னும் இரண்டு உருண்டை களி கொடுத்தேன்.

விடிந்தபோது அதனால் எழுந்து நிற்க முடியவில்லை. அன்னாசிப்பழ லோடு ஏற்றிக்கொண்டு கீழே போகிற குட்டியானை வண்டியை மறித்து, முன் சீட்டில் நான் நாயை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் பின்னால் பழத்தோடு நின்றுகொண்டு வந்தார். எழுபது வளைவு. ஒவ்வொரு வளைவிலும் வண்டி சாய, நாயின் வயிறு என் தொடையில் அழுந்தும், அது லேசாக முனகும். "மெதுவாப் போங்க சாமி" என்றேன் டிரைவரிடம். அடுத்த வளைவு தாண்டியதும், "வெரசாப் போங்க" என்றேன். பாவம், அவர் எதைக் கேட்பார்.

அதன் இடது காது இரண்டாகப் பிளந்திருக்கும். வழியெல்லாம் அந்தக் காதைத்தான் தடவிக்கொண்டே வந்தேன். மூன்று வருஷத்துக்கு முன், பலாப்பழ சீசனில், விழுந்த பழத்தைப் பொறுக்கலாம் என்று விடிந்தும் விடியாமலும் மரத்தடிக்குப் போனேன். எனக்கு முன்னால் கரடி வந்திருந்தது. பழத்துக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்த கரடி நிமிர்ந்து இரண்டு காலில் நின்றது. ஆறு ஏழு அடி தூரம்தான் இருக்கும். என் கால் நகரவில்லை. எங்கிருந்து வந்ததோ, நாய் எங்கள் இருவருக்கும் நடுவில் பாய்ந்தது. கரடி ஒரே அறை. நாய் உருண்டு போய் விழுந்து, எழுந்து, மறுபடி பாய்ந்தது. நான் ஓடிவிட்டேன். அதை விட்டுவிட்டுத்தான் ஓடினேன். உச்சிவெயிலுக்குக் காது கிழிந்து வீட்டுக்கு வந்தது. மஞ்சளும் எண்ணெயும் குழைத்துப் போட்டோம். மறுநாள் வழக்கம்போல் என் பின்னால் காட்டுக்கு வந்தது. காது மட்டும்தான் போயிற்று என்று நினைத்திருந்தேன்.

நாமக்கல்லில் பெரிய கால்நடை ஆஸ்பத்திரி. வரிசையில் ஆடு, கன்று, சோபாவில் வளர்கிற வெள்ளை நாய்கள். எங்களுக்கு முன்னால் ஒருவர் பூனையோடு நின்றார். பூனை தையல் நூலை விழுங்கியிருந்தது. டாக்டரம்மா சின்ன வயசுப் பெண். என் மகள் வயசுகூட இருக்காது. அந்த ஆளைக் கடிந்துகொண்டிருந்தார்.

"நூல் வெளிய தெரிஞ்சா இழுக்கலாமா? உள்ள ஒரு பக்கம் சிக்கியிருக்கும், நீங்க இந்தப் பக்கம் இழுத்தா குடலை அறுத்துக்கிட்டு வரும். கத்தியால அறுக்கற மாதிரிங்க அது."

எங்கள் முறை வந்தது.

"என்ன சாப்பிட்டுச்சு?"

"எலும்புங்க" என்றார் வீட்டுக்காரர். அவருக்குத் தெரிந்தது அதுதானே.

"துணி, நூல், கயிறு ஏதாவது? மலம் போறப்ப ஏதாவது வெளிய வந்துச்சா?"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். வீட்டுக்காரரும் என்னைப் பார்த்தார். "இல்லீங்க" என்றேன். அந்த ஒரு வார்த்தையை இத்தனை சுலபமாக எப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

எக்ஸ்ரே அறையில் ஈயம் வைத்த கனத்த அங்கியை எனக்கும் அவருக்கும் மாட்டிவிட்டார்கள். நாயைப் பக்கவாட்டில் படுக்க வைத்து நான் முன்னங்கால்களையும் அவர் பின்னங்கால்களையும் பிடித்துக்கொண்டோம். "அசையாமப் புடிங்க" என்றார்கள். பிடிக்கவே தேவையில்லை, அது அசையவில்லை. பிறகு மல்லாக்கப் போட்டு ஒன்று எடுத்தார்கள். கால் நாலும் விரிந்து, வயிறு மேலே பார்க்க, அது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

கம்ப்யூட்டரில் படம் வந்தது. கறுப்பில் வெள்ளையாக முதுகெலும்பு, விலா எலும்புகள், அதற்குக் கீழே வயிற்றில் சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய திட்டு.

"இது என்ன இவ்வளவு நிறைஞ்சிருக்கு? மூணு நாளா சாப்பிடலைன்னீங்க?"

"களி குடுத்தோமுங்க. எலும்பத் தள்ளறதுக்கு" என்றேன்.

டாக்டரம்மா பெருமூச்சு விட்டார். எலும்பென்றால் படத்தில் பளிச்சென்று தெரியும், அப்படி எதுவும் இல்லை என்றார். குடலில் கொஞ்சம் காற்று இருக்கிறது, ஆனால் களி மறைப்பதால் இதை வைத்து உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது. குளுக்கோஸ் ஏற்றிவிட்டு நாளைக்குக் காலையில் மறுபடி எடுத்துப் பார்க்கலாம் என்றார். என் துணி படத்தில் இல்லை. அது தெரியவில்லை என்று ஒரு நிமிஷம், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது.

அப்போது டாக்டரம்மா விரலைத் திரையில் வைத்தார். "இது பழைய முறிவு. விலா எலும்பு ரெண்டு, பக்கத்துப் பக்கத்துல. தானா கூடியிருக்கு, அதனாலதான் இங்க இப்படித் தடிப்பா தெரியுது. ரெண்டு மூணு வருஷம் இருக்கும். என்னாச்சு, யாராவது அடிச்சீங்களா?"

"கரடிங்க" என்றார் வீட்டுக்காரர். யோசிக்கவே இல்லை. "எங்க ஊட்டுக்காரியக் காப்பாத்தப் போயி வாங்குனதுங்க."

டாக்டரம்மா நாயின் தலையைத் தடவிக்கொடுத்தார். நான் படத்திலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஏனென்றால் அதே வருஷம், மழைக்காலத்தில், பால் போசியில் வாய் வைத்துவிட்டது என்று அடுப்பங்கரையில் கிடந்த பிளந்த விறகை எடுத்து அதன் விலாவில் எறிந்திருக்கிறேன். அப்போது கத்தியது அந்தக் குரலில்தான். இரண்டு நாள் காப்பிச் செடிக்கு அடியில் சுருண்டு கிடந்தது. வீட்டுக்காரர் சோற்றை அங்கேயே கொண்டுபோய் வைத்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வெளியே வராந்தாவில் நாயைப் படுக்க வைத்துக் குளுக்கோஸ் போட்டார்கள். சொட்டுச் சொட்டாக இறங்கியது. நான் அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். நாளைக்குக் காலை வரைக்கும் இது இருக்குமா என்று ஒவ்வொரு மூச்சையும் பார்த்துக்கொண்டிருந்தேன். மூச்சு மேலே மேலே போனது. உள்ளே எங்கேயோ என் சேலை அதன் குடலை அறுத்துக்கொண்டிருக்கிறது. அது எனக்கு மட்டும்தான் தெரியும். அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில், அத்தனை படித்தவர்கள் நடுவில், அத்தனை மெஷின் நடுவில், எனக்கு மட்டும். அது மெதுவாகத் தலையைத் திருப்பி என் புறங்கையை ஒரு தடவை நக்கியது. நாடாவை இழுத்த கை அது.

எழுந்து ஓடினேன். டாக்டரம்மா வேறொரு ஆட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் இழுத்தேனுங்க" என்றேன். "துணிதானுங்க. சேலைத் துணி. கருவாட்டுத் தண்ணில ஊற வெச்சுக் காட்டச் சுத்திக் கட்டுனது. நேத்துப் பொழுதோட வெளிய தெரிஞ்சுது, இழுத்தேன், அறுந்துபோச்சு. எரிச்சுப்போட்டேனுங்க. நீங்க கேட்டதுக்குப் பொய் சொல்லிட்டேன். என்னைய என்ன வேணாலும் பேசுங்க, அதப் பாருங்க."

பின்னால் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். நான் ஓடுவதைப் பார்த்து அவரும் ஓடி வந்திருக்கிறார். டாக்டரம்மா ஆட்டை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "ஸ்கேன் ரூமுக்குத் தூக்கிட்டு வாங்க, சீக்கிரம்" என்றார். வீட்டுக்காரர் திரும்பி ஓடினார்.

வயிற்று மயிரை மழித்து, பசை மாதிரி ஒன்றைத் தடவி, ஸ்கேன் கருவியை வைத்து அழுத்தினார். திரையில் எனக்குப் பனிமூட்டம்தான் தெரிந்தது. டாக்டரம்மா கருவியை அசைக்காமல் பிடித்துக்கொண்டு எனக்குக் காட்டினார். "பாவாடையில நாடா இழுத்தா எப்படிச் சுருங்கும்? குடல் அப்படிச் சுருங்கியிருக்கு பாருங்கம்மா. நடுவுல கோடு மாதிரிப் போகுதே, அதுதான் உங்க துணி." அவர் அப்படிச் சொன்ன பிறகு எனக்கும் தெரிந்தது. மடிப்பு மடிப்பாக, அழகாகக்கூட இருந்தது. மடிப்புகளைச் சுற்றிக் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருக்கிறது, அது நல்லதில்லை, இப்போதே வயிற்றைத் திறக்க வேண்டும் என்றார். பிழைக்குமா என்று கேட்டேன். "திறந்து பார்த்தாத்தான் தெரியும்" என்றார்.

காத்திருந்த நேரத்தில் வீட்டுக்காரர் டீ வாங்கி வந்து என் கையில் கொடுத்தார். குடிக்கவில்லை. ஆறிப்போன பிறகு அவரே வாங்கிக் கீழே ஊற்றிவிட்டு, இன்னொன்று வாங்கி வந்தார். திட்டுங்களேன் என்றேன். "அப்பறம் திட்டறேன்" என்றார்.

பொழுது சாய்கிற நேரத்தில் டாக்டரம்மா ஒரு தட்டோடு வெளியே வந்தார். நாலு முழத்துக்குக் குறையாமல் துணி கிடந்தது. நான் குச்சியில் போட்ட முடிச்சு அப்படியே அவிழாமல் இருந்தது. அந்த முடிச்சுதான் வயிற்றுக்குள் களியோடு சேர்ந்து நங்கூரம் போட்டுவிட்டதாம், மீதி குடலுக்குள் நீண்டு போயிருக்கிறது. மஞ்சள் எங்கேயும் இல்லை, கறுத்துப்போயிருந்தது. நாற்றம் மட்டும் என் பானையில் இருந்த அதே நாற்றம்.

"குடல்ல ரெண்டு இடத்துல கிழிஞ்சிருக்கு. தைச்சிருக்கோம். மூணு நாலு நாள் தாண்டணும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீங்க சொல்லலைன்னா நாளைக்கு எக்ஸ்ரே எடுக்கறதுக்கு நாய் இருந்திருக்காதும்மா. ஆனா வந்த உடனேயே சொல்லியிருக்கணும்."

பூனைக்காரரைத் திட்டியதுபோல் என்னையும் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த நாலு நாளைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. வீட்டுக்காரர் மாட்டைப் பார்க்க மலைக்கும், என்னைப் பார்க்கக் கீழுக்குமாக அலைந்தார். இரண்டாம் நாள் காய்ச்சல் ஏறி அது கண்ணே திறக்கவில்லை. அதன் பிளந்த காதுக்குள் வாயை வைத்து, என் பிள்ளைகளிடம்கூடப் பேசாத பேச்செல்லாம் பேசினேன். "எந்திரி கண்ணு, ஊட்டுக்குப் போலாம்" என்றேன். ஆறு வருஷத்தில் அதை நான் கண்ணு என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான். அதற்குப் பழக்கமில்லாத வார்த்தை, திரும்பிப் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் காலையில் தட்டில் வைத்த தண்ணீரைத் தானாக நக்கிக் குடித்தது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கூண்டில் இருந்த நாய்களெல்லாம் குரைக்க ஆரம்பித்தன.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் காட்டைச் சுற்றி இருந்த நாடாக்களை ஒன்று விடாமல் அவிழ்த்து எரித்தேன். அந்த வாரமே பன்றி வந்து கீழ்ப்புறம் முழுக்கக் கிளறிப் போட்டது. போகட்டும். கட்டிப்போட்டிருந்த நாய், வயிற்றில் தையலோடு, குரலே வராமல் குரைத்தது. அதைப் பிடித்து அடக்கத்தான் நான் வெளியே போனேன், பன்றியை விரட்ட இல்லை.

நேற்றுச் சாயங்காலம் வாசலில் வெயில் பட அது படுத்திருந்தது. மழித்த இடத்தில் புது மயிர் முளைத்திருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து விலாவில் விரலை ஓட்டிப் பார்த்தேன். டாக்டரம்மா திரையில் காட்டிய இடம். இரண்டு எலும்பிலும் கரும்புக் கணு மாதிரி ஒரு தடிப்பு. தேடவே வேண்டியதில்லை, வைத்ததும் கைக்குத் தட்டுப்படுகிறது. மூன்று வருஷமாக அங்கேயேதான் இருந்திருக்கிறது.

வீட்டுக்காரர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து மிளகுக் கொத்து உதிர்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, அன்னிக்கு டாக்டரம்மாகிட்டக் கரடின்னு சொன்னீங்களே. நெசமாலுமே கரடிதானுங்களா?"

அவர் தலை நிமிரவில்லை. கையில் இருந்த கொத்தை முழுக்க உதிர்த்து, காம்பைத் தூரப் போட்டார்.

"கரடியாவே இருக்கட்டும் புள்ள" என்றார்.